மறியலுக்குப் போய்வந்த கதை: ஒரு இரவு, ஒரு பகல், பத்து நிமிடம்

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அம்மம்மாவுக்குத் துணையாக மறியலுக்குப் போய்வந்தேன். உள்ளே இருப்பது அவரின் மகள். எந்தச் சிறை என்று எழுதமாட்டேன், அந்த அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். திருகோணமலையில் இரவு பஸ் ஏறினால் விடியும் நேரம் இறங்கலாம், அவ்வளவு தூரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூட அக்காவின் ஆறு வயது மகளும் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் திரிந்த மான்களுக்குப் பணிஸ் போட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, கந்தளாய் தாண்டியதும் சத்தி எடுக்கத் தொடங்கி விடியும்வரை எடுத்துக்கொண்டே வந்தது.

வாசலில் வரிசை. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், எழுதுகிற கொப்பி, பிறகு சாமான் சோதனை. சவர்க்காரத்தை இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன், எதற்குள் எதை வைத்து அனுப்புகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எது விடுவார்கள் எது விடமாட்டார்கள் என்பது சிங்களத்தில்தான் ஒட்டியிருந்தது, கேட்டாலும் பதில் சிங்களத்தில்தான் வந்தது. வரிசையில் நின்ற கல்முனைப் பக்கத்து மாமி ஒருவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அம்மம்மா பார்த்துப் பார்த்துச் செய்து கொண்டுபோன பயத்தம் பணியாரம் திரும்பி வந்துவிட்டது. தீர்ப்பு வராமல் விளக்கமறியலில் இருந்தால் வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், தண்டனை விழுந்தபிறகு அது கிடையாது என்பது அங்கே போய் நின்றபோதுதான் அவருக்குத் தெரியும். சோதித்த உத்தியோகத்தர் நல்ல மனுசி, பிள்ளையின் கையில் ஒரு டொபி வைத்தார். சட்டம் அவர் எழுதியதில்லையே.

அப்புறம் சந்திப்பு. நடுவில் கம்பி வலை, இந்தப் பக்கம் நாங்கள் ஒரு இருபது பேர், அந்தப் பக்கம் அவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அக்கா கேட்ட முதல் கேள்வி "சாப்பிட்டியா குஞ்சு?" பிள்ளை வாயே திறக்கவில்லை. அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றது. ஒருபடியாக முன்னுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் தனக்கு விழுந்த பல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கவும் நேரம் முடிந்தது என்றார்கள். மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். அதற்கு ஒரு இரவு, ஒரு பகல், இன்னொரு இரவு, அத்தோடு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து அம்மம்மா சேர்த்த இரண்டு கிழமைக் காசு.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீதவான் கொடுத்தது ஒரு தண்டனை. இந்தத் தூரம் யாரும் தீர்ப்பில் எழுதாத இரண்டாவது தண்டனை, அதை அனுபவிப்பது அந்த ஆறு வயதும் இந்த அறுபத்தைந்தும்.

இது நானாகக் கண்டுபிடித்த ஞாயமில்லை. பெண் கைதிகளுக்கென்றே 2010இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள் இருக்கின்றன, மொத்தம் 70. நாலாவது விதி, பெண்களை முடிந்தவரை வீட்டுக்குக் கிட்டவுள்ள சிறையில் வைக்கச் சொல்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகளையும் கணக்கில் எடுத்து. 26ஆவது விதி, தூரத்தில் வைத்தால் அந்தக் குறையை ஈடுசெய்ய வழி செய்யுங்கள் என்கிறது. 28ஆவது விதி, பிள்ளை வரும் சந்திப்பில் தாயும் பிள்ளையும் தொட்டுப் பழக இடம் கொடுக்கச் சொல்கிறது. உள்ளே குழப்படி செய்தாலும் குடும்பத்தைப் பார்ப்பதைத் தண்டனையாகப் பறிக்கக்கூடாது என்று 23ஆவது விதி. இவற்றை யாரும் வழக்குப் போட்டுக் கட்டாயப்படுத்த முடியாதுதான், தெரியும். ஆனால் எங்கள் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் 1877ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தது. அதைத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருக்கும் நாட்டுக்கு 2010ஆம் ஆண்டு விதியைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

கைக்குழந்தையோடு போகும் தாய்மார் பிள்ளையை ஐந்து வயதுவரை உள்ளே கூட வைத்திருக்கலாம். ஐந்து முடிந்ததும் பிள்ளை வெளியே, சொந்தக்காரரிடம் அல்லது சிறுவர் இல்லத்தில். நேற்றுவரை தாயின் பக்கத்தில் படுத்த பிள்ளை அன்றிலிருந்து இரவு பஸ் ஏற வேண்டும். இதை எழுதும்போதே வயிற்றைப் பிசைகிறது, விடுவோம்.

உள்ளே புனர்வாழ்வு வேலைத்திட்டம் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. தையல், பின்னல், கைவேலை. செப்டெம்பர் 12 கைதிகள் தினம் வந்தால் படங்களும் வரும், நல்ல விடயம்தான், அக்காவும் இப்போது தைக்கப் பழகியிருக்கிறார். ஆனால் வெளியே வந்து யாருக்குத் தைப்பது? கடையிலே தைத்த சட்டை மலிவாகக் குவிந்து கிடக்கிறது. ஒரு பெண்ணைத் திரும்பவும் அந்தப் பக்கம் போகவிடாமல் பிடித்து வைப்பது தையல் மெசின் இல்லை, அவளுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தாயின் முகமே மறந்துபோகிற மாதிரி ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டுப் புனர்வாழ்வு என்று பெயர்ப்பலகை போட்டு என்ன பயன்?

இன்னொன்றும் கண்டேன், ஆண்கள் கோபிக்க வேண்டாம். புருசன் உள்ளே போனால் மனைவி சோற்றுப் பார்சலோடு வாசலில் நிற்பாள். மனைவி உள்ளே போனால்? அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற அநேகம் பேர் தாய்மாரும் சகோதரிகளும்தான். அக்காவின் புருசன் ஒருதரம் வந்தாராம், பிறகு போனும் எடுப்பதில்லை. அவர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த போதைத்தூளுக்குத்தான் அக்கா உள்ளே இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு மறியல் என்றால் வேறு ஞாபகம். 83 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொன்ற 53 தமிழ்க் கைதிகள், பூசாத் தடுப்பு முகாமுக்கு ஏற்றிய பொடியன்கள். அந்தத் தாய்மாரோடு ஊர் சேர்ந்து அழுதது. தூளுக்கோ தண்டப்பணம் கட்ட வழியில்லாமலோ ஒரு பெண் உள்ளே போனால் ஊர் வாயை மூடிக்கொள்கிறது. அம்மம்மா பக்கத்து வீட்டுக்கே "சொந்தத்தில ஒரு கலியாணம்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளிக்கிட்டார்.

பெண் கைதிகள் கொஞ்சப்பேர்தான், மாவட்டத்துக்கு ஒரு சிறை கட்ட முடியுமா என்று ஒரு நண்பர் கேட்டார். கட்டச் சொல்லவில்லையே. கொஞ்சப்பேர் என்றால் கிழக்கிலேயே ஒழுங்கான ஒரு சின்னப் பிரிவு போதும், தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர்களோடு. அதுவும் நாளாகும் என்றால் வீடியோ அழைப்பையாவது ஒழுங்காகக் கொடுங்கள். கொரோனா காலத்தில் மறியலை நீடிக்க நீதிமன்றமே கைதியைத் திரையில் பார்த்தது. நீதவான் பார்க்கலாம், பிள்ளை பார்க்கக்கூடாதா? மாதம் இரண்டுதரம், திருகோணமலையில் ஏதாவது ஒரு கந்தோரில் ஒரு கதிரையும் ஒரு திரையும். செலவு அவ்வளவுதான்.

"களவும் தூளும் செய்கிறவளுக்கு வசதி வேறு வேண்டுமா" என்று கொமெண்ட் போட வருகிறவர்கள் போடுங்கள். அந்தப் பல் விழுந்த கதையை முழுக்கக் கேட்டுவிட்டு வந்து போடுங்கள்.

தைப்பொங்கலுக்கு இந்துக் கைதிகளைப் பார்க்க விசேடமாக விடுவார்கள், அன்றைக்கு வீட்டுச் சாப்பாடும் கொடுக்கலாம் என்கிறார்கள். அம்மம்மா இப்போதே பயறு வறுக்கிற கணக்கில் இருக்கிறார். எனக்கு அந்தக் கிழமை லீவு கிடைக்குமோ தெரியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கமிருந்து யாராவது அதே வேலையாக வான் பிடித்துப் போவதென்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இரண்டு பேருக்கு இடம் வேண்டும், ஒன்று சின்னது. ஜன்னல் ஓரம் என்றால் நல்லது, சத்தி எடுப்பாள்.