பேராசை என்று சொன்னவர்களுக்கு

போனில் வேலை தேடி, மோசடிக் கும்பலிடம் பணத்தைப் பறிகொடுத்த நம் ஊர்ப் பெண்ணைப் பற்றி ஊர்க் குழுவில் யார் யார் என்னென்ன எழுதினீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையெல்லாம் இங்கே எடுத்துப் போட்டு அவளை மறுபடியும் சந்திக்கு இழுக்கப் போவதில்லை. "பேராசைக்கு வேண்டியதுதான்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

எது பேராசை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கரையில் கிடக்கிறது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அதை வைத்து இரண்டு மாதம் அடுப்பெரிய வேண்டும், வலையும் சீர் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தபடியே மாதம் ஏழெட்டாயிரம் வராதா என்று ஒரு பட்டதாரிப் பெண் போனில் தேடியது பேராசை என்றால், பாம்பனிலிருந்து தொண்டி வரை நாம் எல்லோருமே பேராசைக்காரர்கள்தான்.

சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த மோசடி எப்படி நடக்கிறது என்று தெரியும்? எடுத்த எடுப்பிலேயே யாரும் பணம் கேட்பதில்லை. ஏதோ ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். போட்டதும் 150 ரூபாய் வந்துவிடுகிறது, நிஜமாகவே வங்கிக் கணக்கில். பிறகு டெலிகிராமில் ஒரு குழு. அங்கே ஆளாளுக்கு "எனக்கு வந்துவிட்டது, நன்றி மேடம்" என்று ரசீதைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். அத்தனை பேரும் அதே கும்பல். அடுத்து, முன்பணம் கட்டினால் பெரிய வேலை என்கிறார்கள். கட்டினால் ஒரு இணையதளத்தில் உங்கள் பெயரில் இருப்பு ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டு. போட்டதை மீட்கத்தான் மேலும் மேலும் போடுகிறார்கள். இதற்குப் பெயர் ஆசை அல்ல, பதற்றம்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வேலை உத்தரவு என்று சொல்லி அச்செடுக்க வருகிற தாள்களைப் பார்க்கிறேன். பெரிய நிறுவனத்தின் பெயர் மேலே. மின்னஞ்சல் முகவரி மட்டும் யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய ஜிமெயில். முத்திரை மங்கலாக, கையெழுத்தின் மேல் ஒட்டியது போல இருக்கும். கடைசி வரியில் "பாதுகாப்பு வைப்புத்தொகை, பிறகு திருப்பித் தரப்படும்". அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டுவேன். வேலை கொடுப்பவன் சம்பளம் தருவான், நம்மிடம் காசு கேட்க மாட்டான். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன், கேட்க மாட்டான்.

"படித்த பெண்ணுக்கு இது தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியாது. கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது. "போலீசில் சொன்னால் மட்டும் பணம் திரும்பி வந்துவிடுமா?" என்பதும் வரும். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணில் உடனே சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கி அதை முடக்க வழி இருக்கிறது. அவள் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னாள். ஏன்? உங்கள் சிரிப்புக்குப் பயந்து. இதைத்தான் நான் தலைகீழாக நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்: நீங்கள் சிரிப்பதால் அவர்கள் மறைக்கிறார்கள், அவர்கள் மறைப்பதால் ஏமாற்றியவன் தப்பிக்கிறான்.

என் அத்தா சவுதிக்குப் போக ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டியவர். உம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. பம்பாயில் ஒரு லாட்ஜில் விசாவுக்காகக் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். அன்று ஊரில் ஒருவர்கூட அவரைப் பேராசைக்காரர் என்று சொன்னதில்லை. "ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான்" என்றார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அரிசி வந்தது. அவர் ஆண்பிள்ளை, அதனால் ஏமாற்றியவன் குற்றவாளி. இவள் கையில் போன் வைத்திருக்கும் பெண், அதனால் ஏமாந்தவள் குற்றவாளி. அப்படித்தானே?

இப்போது இளைஞர்களைத் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சுற்றுலா விசாவில் ஏற்றி, மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கொண்டுபோய் அதே மோசடி வேலையைச் செய்ய அடைத்து வைக்கிறார்கள். வெளிநாட்டு ஏஜெண்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும்தான். லட்சங்களில் பேசுகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். "வங்கிக் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறேன்" என்பவனிடம் ஏடிஎம் அட்டையைக் கொடுத்தால் மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், நாளை வேறு மாநிலப் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. பையன்கள் அப்படிக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? "விவரம் தெரியாத பிள்ளை" என்பீர்கள்.

அவள் வீட்டில் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார்களாம். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான். புகார் எண் வந்திருப்பது அந்தப் போனில். காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால் அடிக்கப்போவதும் அந்தப் போன்தான். குழுவில் சிரித்தவர்களுக்கு இது தோன்றியிருக்காது.

நாளை அசர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் போனைக் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் வாருங்கள். அறிவுரை சொல்லக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்.