கட்டைவிரலுக்கே கழன்று வருது, இதுக்குப் பேரு செக்யூரிட்டியாம்

வேலூர் சத்துவாச்சாரியில தரைத்தள வீடு. பகலெல்லாம் காய்ஞ்ச மலை ராத்திரி பதினோரு மணிக்கும் அனலைத் துப்பிகிட்டு நிக்கும். ஜன்னலைச் சாத்தினா வெந்து சாகணும். திறந்தா கொசு. வாசக்கதவையாவது திறந்து வைக்கலாம்னா, வீட்டுக்காரர் விடியக்காலை ரயிலைப் பிடிக்கக் காட்பாடி போனாருன்னா ராத்திரிதான் வருவார். நானும் மாமியாரும் மட்டும்தான். சரி, காத்தும் வரணும், கொசு வரக்கூடாது, திருடனும் வரக்கூடாது, அப்படி வாசலுக்கு ஒரு வலைக்கதவும் ஜன்னலுக்கு வலையும் போடலாம்னு கிளம்பினேன். மூணு வாரமா ரத்தம் கொதிக்குது.

முதல்ல வந்தவர் கையில உள்ளங்கை அளவு கம்பிவலைத் துண்டு. மாமியார் எட்டிப் பார்த்துட்டு, “இன்னாடி இது, ஜாக்கெட் துணி காட்டறாப்பல இத்தினூண்டு காட்டறான்”னாங்க. கத்தியை எடுத்து சரக் சரக்குனு கீறிக் காட்டினார். கிழியல. சந்தோஷம். “இதை ஃப்ரேம்ல எப்படிப் பிடிச்சிருக்கீங்க?”ன்னு கேட்டேன். அதுக்கு ஒரு மூலை சாம்பிள் எடுத்தார். அலுமினிய ஃப்ரேம், அதுல ஒரு பள்ளம், பள்ளத்துல வலையை வச்சு ரப்பர் பீடிங்கை அழுத்தி விட்டிருக்கு. அவ்வளவுதான். கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்தினேன், பீடிங்கோட வலையும் வெளிய வந்துடுச்சு.

“நீங்க இவ்ளோ வேகமா தள்ளக்கூடாது மேடம்.”

திருடன் வந்து மெதுவா தள்ளுவானாப்பா?

இது கொசுவலை. நல்ல கொசுவலைதான், மறுக்கல. ஆனா கொசுவலை விலை சொல்லு. செக்யூரிட்டின்னு ஒரு வார்த்தையை ஒட்டிட்டு மூணு மடங்கு ஏன் கேக்கற? ஆஸ்திரேலியாவுல இந்த மாதிரி கதவுக்கு ஏ.எஸ். 5039ன்னு ஒரு தரம் இருக்கு. மோதிப் பார்ப்பாங்க, நெம்பிப் பார்ப்பாங்க, கத்தியால அறுத்துப் பார்ப்பாங்க. வலைத் துண்டை மட்டும் இல்ல, ஃப்ரேம், கீல், பூட்டு எல்லாம் மாட்டின முழுக் கதவை. வலையோட ஓரத்தை ரெண்டு பட்டைக்கு நடுவுல வச்சு வரிசையா ஸ்க்ரூ போட்டு இறுக்கினா உதைச்சாலும் நிக்கும். நம்ம ஊர்ல கேட்டா, “அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல மேடம்.” நான் கேக்கறேனே, நான் யாருமே இல்லியா?

ரெண்டாவது ஆள் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைதான் போடணும்னு ஒத்தக்கால்ல நின்னார். மெரைன் கிரேடாம். அதுல கொஞ்சம் மாலிப்டினம் சேர்த்திருப்பாங்க, உப்புக் காத்து அரிக்காம இருக்க. வேலூர்ல எதுய்யா உப்புக் காத்து? பாலாத்துலயே முக்கால்வாசி நாள் மணல்தான் தெரியுது. கடல் பார்க்கணும்னா நாங்க சென்னைக்குப் போறோம்.

மூணாவது ஆள் பாக்கெட்ல இருந்து காந்தம் எடுத்தார். ஒட்டல. “பாத்தீங்களா, அசல் 304.” அதுவும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடுதான். இங்கதான் எனக்கு நிஜமாவே கோபம் வந்தது. மலிவான 202 கிரேடுலயும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் அதிகமா சேர்த்த சரக்கு அது, சீக்கிரம் துரு பிடிக்கும். அசல் 304 கம்பியையே இழுத்து மெலிசாக்கும்போது லேசா ஒட்டவும் செய்யும். ஆகக்கூடி காந்தம் வெறும் வித்தை. “பில்லுல 304ன்னு எழுதிக் கொடுங்க”ன்னேன். “பில்லு போட்டா ஜிஎஸ்டி வரும் மேடம்... சார் எப்ப வருவாரு? சார்கிட்ட பேசிக்கறேன்.”

சாருக்கு வீட்ல எத்தனை ஜன்னல்னே தெரியாது. அளவெடுத்தது நான், காசு என் சீட்டுக் காசு. சார் எதுக்கு?

அளவுன்னதும் ஞாபகம் வருது. என் ஜன்னல் மூணடி ரெண்டு அங்குலம் அகலம், நாலடி ரெண்டு அங்குலம் உயரம். சுமார் 13.2 சதுர அடி. கொட்டேஷன்ல மூணரைக்கு நாலரைன்னு ஏத்தி 15.75 ஆக்கிட்டாங்க. ஆறு ஜன்னலுக்கும் சேர்த்து 15 சதுர அடிக்கு மேல, இல்லாத வலைக்குக் காசு. கேட்டா, “எல்லாரும் அப்படித்தான் போடறாங்க.” நூல் நூலா அளந்து எழுதினியே, அது எதுக்கு?

“வேலூர்க் கோட்டையைச் சுத்தி வெட்டினாப்பல நாமளும் ஒரு அகழி வெட்டிடலாம்டி”ன்னாங்க மாமியார். அதுக்கும் அடியை ஏத்தித்தான் போடுவான் அத்தே.

உருப்படியா பேசினவர் ஒருத்தர்தான், தெருமுனை வெல்டிங் பட்டறைப் பெரியவர். 12 எம்எம் சதுரக் கம்பி கிரில், எடை போட்டுக் காசு, முடிஞ்சது. படுக்கை ரூம் ஜன்னல்ல மட்டும் ஒரு பாகம் திறக்கிற மாதிரி, உள்பக்கம் தாழ்ப்பாளோட வேணும்னேன். மொத்தத்தையும் அடைச்சுட்டா தீ கீ பிடிச்சா எந்த வழியா ஓடறது? பெரியவர் யோசிச்சுட்டு, “சரிம்மா, நீ சொல்றதும் கரெக்ட்டுதான்”னார். ‘சார்’ எங்கன்னு கேக்கல. அந்தக் கிரிலுக்கு மேல சாதாரண கொசுவலை போதும், கொசுவலை விலையில.

ஆனா வாசக்கதவு? அது இன்னும் பாக்கி. வெளிய திறக்கிற கதவுக்குக் கீல் ஆணி தெருப்பக்கம் நிக்குது, அதைத் தட்டிக் கழட்டிட்டா உள்ள எவ்வளவு பெரிய பூட்டு இருந்து என்ன பண்றது? இதை நாலாவது ஆள்கிட்ட போன்ல விளக்கிச் சொன்னேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு அவர் சொன்னது:

“நாளைக்கு வரேன் மேடம். சார் வீட்ல இருப்பாரில்ல?”