எப்சம் உப்பு போட்டால் மல்லிகை ஆண்டு முழுவதும் பூக்குமா?

"பூக்காத மல்லிகைச் செடிக்கு மாதம் ஒரு கைப்பிடி எப்சம் உப்பு போட்டால் ஆண்டு முழுவதும் கொத்துக் கொத்தாகப் பூக்கும்" என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது. எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட். அதில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளில் ஒன்றுகூட இல்லை. முதிர்ந்த இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும் மெக்னீசியக் குறைபாட்டுக்கு அது பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் குறைபாடே இல்லாத மண்ணில், அதிலும் மாடித்தோட்டத் தொட்டியில், மாதந்தோறும் கொட்டினால் உப்பு தேங்கி, வேர் கால்சியத்தை உறிஞ்சுவது தடைப்படும். இளந்தளிர்கள் மஞ்சளாவதோ சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பரவலாகக் காணப்படும் இரும்புச்சத்துக் குறை. அதற்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளிக்க வேண்டுமே தவிர, எப்சம் உப்பால் பயனில்லை.

குண்டுமல்லி பூக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் நிழலும், கவாத்து செய்யாமையுமே (கிளைகளை வெட்டிவிடாமையுமே) காரணம். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில்தான் அரும்பு கட்டும் என்பதால், நவம்பர் இறுதியில் செடியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் வெட்டி, காய்ந்த, நோயுற்ற கிளைகளை நீக்கி, தொழுவுரமிட்டு நீர் பாய்ச்சினால், மார்ச் வாக்கில் பூப்பு தொடங்கும். வெட்டினால் செடி பட்டுப்போகும் என்ற அச்சம் தேவையற்றது. மல்லிகை விவசாயிகள் ஆண்டுதோறும் செய்யும் வேலைதான் இது. "ஆண்டு முழுவதும்" என்ற வாக்குறுதியோ வேடிக்கையானது: பனிக்காலத்தில் இச்செடி இயல்பாகவே பூப்பைக் குறைத்துக்கொள்கிறது, மார்கழியிலும் தையிலும் சந்தையில் மல்லிகை விலை உச்சத்துக்கு ஏறுவதும் அதனால்தான்.