கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருள் எல்லாமே தரம் குறைவா?

ஆம் என்று சொல்லும் ஒரு கட்டுரைக்குத்தான் இந்தப் பதில்; அது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பொருளுக்குப் பொருள் கணக்கு வேறு.

சீனி, உப்பு, மைசூர்ப் பருப்புக்குப் பெரிய பெயர் தேவையில்லை. பருப்பு பெரும்பாலும் அவுஸ்திரேலியா, கனடாவிலிருந்து வருவது. இங்கே இலங்கையில் பொதி செய்கிறார்கள். உடைசலும் தூசும் குறைவா என்று பையைத் திருப்பிப் பாருங்கள். உப்பில் அயடீன் சேர்த்ததா என்று பார்த்தால் போதும்.

கறித்தூளில்தான் கவனம் வேண்டும். லேபிளில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற வரிசையில் போடுவார்கள். முதலில் கொத்தமல்லி நிற்க வேண்டும். அரிசிமாவோ உப்போ முன்னுக்கு இருந்தால், எந்தப் பெயரானாலும் வைத்துவிட்டு வாருங்கள். மிளகாய்த்தூளுக்குச் செத்தல் மிளகாய் வாங்கி மில்லில் அரைப்பதே மேல்.

டின் மீனில் 425 கிராம் என்பது குழம்பும் சேர்த்து. குழம்பை வடித்த பின் உள்ள மீனின் எடையை ஒப்பிடுங்கள், விலையை அதால் வகுத்துப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) சின்னம் கட்டாயம், விளிம்பு நசுங்கிய டின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், மூட்டு விட்டால் கிருமி நுழையும்.

பைகளின் அளவும் ஏமாற்றும். 400 கிராம் 480 ரூபாய் என்றால் 100 கிராம் 120. பக்கத்திலிருக்கும் 350 கிராம் 430 ரூபாய்ப் பை மலிவுபோலத் தெரியும், ஆனால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 123 வரும். கைத்தொலைபேசியில் கல்குலேட்டர் எதற்கு இருக்கிறது?

தேயிலை மட்டும் நாக்கின் விஷயம். பால் தேத்தண்ணிக்கு டஸ்ட் என்ற தூள் தேயிலை சாயம் சீக்கிரம் இறக்கும், மலிவானதே தாராளம். பிளேன்ரீ (பால் சேர்க்காத தேத்தண்ணி) குடிப்பவர்கள் கடைப் பெயரில் வரும் 50 கிராம் பக்கெற் வாங்கிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.