24 இலையில் ஆசியாவுக்கு 2

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டின் உலகப் போட்டியான மேஜருக்கு வரும் அணிகளின் பட்டியல் வெளியாகும் நாளில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிடுகிறது. ஆட்டம் தொடங்க இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கும், ஒரு தோட்டாகூட வெடித்திருக்காது, அதற்குள் எங்கள் வீட்டில் சண்டை மூண்டுவிடும். என் தம்பி ஐரோப்பிய அணிகளின் பரம ரசிகன். "அண்ணா, உலகப் போட்டி என்றால் தரம் வேண்டாமா? ஆசியாவிலிருந்து ஐந்து பேர் வந்து, மூன்று ஆட்டம் தோற்று, பெட்டியைக் கட்டிக்கொண்டு போவதற்கு எதற்கு ஓர் இடம்?" என்று வருடம் தவறாமல் கேட்கிறான். வருடம் தவறாமல் நானும் தட்டில் இருக்கும் சோற்றை மறந்துவிட்டுக் கத்துகிறேன்.

2022 ஆன்ட்வெர்ப் மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 24 அணிகள். ஐரோப்பாவுக்கு 16. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா இரண்டுக்கும் சேர்த்து 6. மிச்சமிருந்த 2 இடம் ஆசிய-பசிபிக் பகுதிக்கு. அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்று உலக வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். சீனா, மங்கோலியா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, போதாக்குறைக்கு மேற்கு ஆசியா. சிட்னியில் இருப்பவனும் பெய்ரூட்டில் இருப்பவனும் ஒரே வட்டாரமாம்! இவர்களுக்கு இடையே விமானத்தில் போனாலே ஒரு நாள் ஓடிவிடும். இத்தனை பேருக்கும் சேர்த்து இரண்டே இலை. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கே மறுபடியும் பரிமாறிவிட்டு, வாசலில் நிற்பவர்களைப் பார்த்து "இவர்களுக்குச் சாப்பிடவே தெரியவில்லை" என்று சொல்வதற்கு ஒரு மனசு வேண்டும்.

கால்பந்தைப் பாருங்கள். கால்பந்து நிர்வாகிகள் ஒன்றும் புண்ணியவான்கள் இல்லை; ஆனால் அவர்களே 2026 உலகக் கோப்பையின் 48 இடங்களில் ஐரோப்பாவுக்கு 16தான் கொடுத்திருக்கிறார்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஓசியானியாவுக்குக்கூட முதன்முறையாக ஒரு நேரடி இடம் உறுதி. 2022-இல் கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் அதே 16, ஆனால் 24-இல். மூன்றில் இரண்டு பங்கு. கால்பந்தைக் கண்டுபிடித்துப் பரப்பிய கண்டமே மூன்றில் ஒன்றோடு அடங்கிக்கொள்கிறது, இங்கே மட்டும் என்ன?

"முந்தைய போட்டிகளின் முடிவுகளை வைத்துத்தானே பங்கிடுகிறார்கள்?" என்பான் தம்பி. சரி, முடிவுகளையே பேசுவோம். 2019 பெர்லின் மேஜரின் அரையிறுதிக்கு வந்த நால்வர் யார்? டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ், அமெரிக்காவின் என்ஆர்ஜி, கஜகஸ்தானின் அவங்கார், ஆஸ்திரேலியாவின் ரெனகேட்ஸ். நால்வரில் மேற்கு ஐரோப்பிய அணி ஒன்றே ஒன்று. அப்போது மேஜருக்குள் நுழைய மைனர் என்ற வட்டாரத் தகுதிப் போட்டி முறை இருந்தது. ஐரோப்பா, பழைய சோவியத் நாடுகள், அமெரிக்கக் கண்டங்கள், ஆசியா என்று நான்கு வட்டாரங்கள். நான்குக்கும் சமமான நேரடி இடங்கள். ஐரோப்பாவின் பெரிய அணிகள் முந்தைய மேஜரின் பலத்தில் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பது வேறு கதை. இருந்தாலும் வாசல் ஒன்று எல்லோருக்கும் திறந்திருந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது, முறை மாறியது, அரையிறுதியில் ஓர் ஆஸ்திரேலிய அணி நின்றதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இப்போது இந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் தரவரிசை வந்திருக்கிறது. கணக்குப் போடுவது கணினி, ஆகவே பாரபட்சமே இல்லை என்று பெருமை வேறு. அந்தக் கணக்கின் உள்ளே எட்டிப் பாருங்கள். ஓர் அணியின் புள்ளிகள் அது வென்ற பரிசுத் தொகையைப் பொறுத்தவை. தோற்கடித்த எதிரணி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தவை. நேரடி அரங்கில் வென்ற ஆட்டங்களைப் பொறுத்தவை. கணக்கில் வருவது கடந்த ஆறு மாதங்கள் மட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய பரிசு பெரிய போட்டியில்தான் இருக்கிறது. பெரிய எதிரணியும் அங்கேதான் வருகிறது. அரங்கமும் பெரும்பாலும் ஐரோப்பாவில்தான் இருக்கிறது. அந்தப் போட்டிக்கு அழைப்பு யாருக்கு? தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் என்று ஊரில் சொல்வார்களே, அதைத்தான் இவர்கள் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

2025 புடாபெஸ்ட் மேஜரில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 32 இடங்களும் தரவரிசையை வைத்தே. தனியாகத் தகுதிச் சுற்று என்று ஒன்று கிடையாது. முன்பெல்லாம் இணையத்தில் திறந்த தகுதிச் சுற்று இருக்கும். ஐந்து நண்பர்கள் பெயரைப் பதிந்துகொண்டு இறங்கலாம். முதல் ஆட்டத்திலேயே செமத்தியாக அடி வாங்கித் திரும்பலாம், அது பரவாயில்லை. அன்று ஒரு மணி நேரமாவது அவர்களுக்கும் மேஜருக்கும் நடுவே ஒரு நேர்கோடு இருந்தது. அந்தக் கோட்டையும் அழித்தாகிவிட்டது.

எங்கள் ஊர் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் இந்திய அணிகூட இதுவரை மேஜர் மேடையில் ஏறியதில்லை. 2018-இல் ஓர் ஆசியப் போட்டியின் நடுவே இந்திய அணி வீரர் ஒருவர் ஏமாற்று மென்பொருளோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். அந்தக் கோப்புக்கு, கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள்போல, 'வேர்டு' என்று பெயர் வைத்திருந்தார் என்பதை உலகம் இன்றுவரை சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்கும் அவமானம்தான். ஆகவே இந்தியாவுக்கு இடம் ஒதுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆடிப் பார்த்துத் தோற்பதற்கு ஒரு தகுதிச் சுற்று கேட்கிறேன். தெற்கு ஆசியாவுக்குத் தனியாக, மேற்கு ஆசியாவுக்குத் தனியாக, ஓசியானியாவுக்குத் தனியாக. பிங், அதாவது இணையத் தாமதம், எகிறும் தொலைதூர சர்வரில் அல்ல, ஓர் அரங்கில், பயணச் செலவும் விசாவும் ஏற்பாடு செய்து. கோடிக்கணக்கில் பரிசு கொடுக்கிறவர்களுக்கு இருபது விமான டிக்கெட் பெரிய செலவா?

தம்பியின் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு, அதை மறைக்க மாட்டேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற வேறொரு கணினி விளையாட்டின் உலகக் கோப்பை, 2022. கொரியாவின் நான்காவது அணியாக வந்த டிஆர்எக்ஸ், ஆரம்பச் சுற்றிலிருந்து ஏறி ஏறிக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. "நான்காவது இடத்தைப் பறித்து ஏதோ ஒரு சின்ன வட்டாரத்துக்குக் கொடுத்திருந்தால் அந்தக் கதையே நடந்திருக்காதே?" என்பான். உண்மைதான். வலுவான வட்டாரத்துக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கூடுதல் என்றால் ஒன்று, இரண்டு, நான்கு. பதினாறு அல்ல!

இப்போது அந்த இரண்டு இலைக்கு வருகிறேன். 2022 ஆன்ட்வெர்ப்பில் ஆசியாவுக்குக் கிடைத்த இரண்டு இடங்களில் ஒன்றில் உட்கார்ந்தது மங்கோலியாவின் ஐஎச்சி. சென்னையைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட நாடு. முதல் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. தம்பி அன்று "வீண்" என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டான். அந்த அணியில் ஆடிய சிலர்தான் பிறகு தி மங்கோல்ஸ் என்ற பெயரில் வந்தார்கள். 2025 ஜூன், ஆஸ்டின் மேஜர். காலிறுதியில் ஃபேஸ் அணியை வீழ்த்தி, அரையிறுதியில் பிரேசிலின் பெயின் அணியை வீழ்த்தி, இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் நாங்கள் இருவரும் தூங்கவில்லை. எதிரணியான வைட்டாலிட்டி 2-1 என்று வென்றது. அந்த ஒரு ஆட்டத்தை மங்கோல்ஸ் வென்றபோது தம்பி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் ரியாத்தில் அதே அணி இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையின் கவுன்டர்-ஸ்ட்ரைக் பட்டத்தையே வென்றது.

மறுநாள் காலையில் தோசைக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, "மங்கோலியா ஒரு விதிவிலக்கு, அண்ணா" என்றான்.