டெமோவில் பறக்கும், காலை எட்டரைக்குப் படுத்துவிடும்

ஒரு கந்தோரின் அத்தனை கொம்பியூட்டரையும் சேர்வருக்குள் கொண்டுபோவதா இல்லையா, அதாவது டெஸ்க்டொப் சேர்வரில் ஓட மேசையில் அதன் திரை மட்டும் தெரியும் மெய்நிகர் டெஸ்க்டொப்புக்கு மாறுவதா இல்லையா என்பதை, ஏசி போட்ட கூட்ட அறையில் ஒரே ஒரு லெப்டொப்பில் காட்டிய அரை மணிநேர டெமோவைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கொழும்பில் இந்தக் கூத்தை ஒரு கந்தோரில் மட்டும் நான் பார்க்கவில்லை. விற்க வந்தவர் ஒரு பைலைத் திறப்பார், யூடியூபில் ஒரு வீடியோ ஓட்டுவார், கைப்பேசியில் அதே டெஸ்க்டொப்பைத் திறந்து காட்டுவார். முதலாளி தலையாட்டுவார், கதை முடிந்தது. அந்த நேரம் அந்தச் சேர்வரில் இருப்பது அவர் ஒருவர்தான். ஒரு ஆளுக்கு எதுதான் வேகமாக ஓடாது?

காலை எட்டரைக்கு வந்து பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் லொகின் பண்ணுவார்கள், ஆன்டிவைரஸ் எழும்பும், அவுட்லுக் மெயிலை இழுக்கத் தொடங்கும், சேர்வரின் டிஸ்க் மூச்சு முட்டி நிற்கும். இதற்கு லொகின் ஸ்டோர்ம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் கோட்டேஷனில் ரேமையும் பிராசசரையும் வரிவரியாக எழுதிவிட்டு, சேமிப்பகத்துக்கு மட்டும் மலிவான பழைய சுழலும் டிஸ்க்கைப் போட்டுவருகிறார்கள். கேட்டால், "அது பிறகு அப்கிரேட் பண்ணலாம் சேர்." பிறகு யார் காசில்?

இன்னொன்று, எந்த வகையை விற்கிறார்கள் என்றே தெளிவாகச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் விடிஐ (மெய்நிகர் டெஸ்க்டொப் ஏற்பாடு) என்ற ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். ஒரு விண்டோஸ் சேர்வருக்குள் எல்லோரும் தனித்தனி செஷனில் நுழைவது ஒரு வழி. செலவு குறைவு, ஆனால் ஒருவரின் எக்செல் பைல் வெறி பிடித்தால் பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் இழுக்கும், சில மென்பொருள் சேர்வரில் இன்ஸ்டோல் ஆகவே மறுக்கும். சேர்வருக்குள்ளேயே ஆளுக்கொரு மெய்நிகர் மெஷின், அதாவது மென்பொருளால் ஆன தனிக் கொம்பியூட்டர், கொடுப்பது இன்னொரு வழி, அதற்கு ரேமும் டிஸ்க்கும் அள்ளிக் கொட்ட வேண்டும். கிளவுட்டில் வாடகைக்கு எடுப்பது மூன்றாவது. அதிலும் மைக்ரோசொஃப்ட்டின் அசூர் கிளவுட்டில் உள்ள அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டொப் என்றால் மெஷின் ஓடுகிற அளவுக்குக் காசு, விண்டோஸ் 365 என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக்கட்டணம். பலர் ஒரே விண்டோஸ் 11-ஐப் பகிரும் வசதி அசூர் வேர்ச்சுவல் டெஸ்க்டொப்போடு வருகிற உரிமை, சொந்தச் சேர்வரில் சும்மா போட்டு ஓட்ட முடியாது. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போனால் லைசென்ஸ் தணிக்கை வரும் அன்றைக்கு யார் பதில் சொல்வது?

2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிந்ததை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "பழைய மெஷினை எறிய வேண்டாம், அதையே சேர்வருக்குள் போகும் டெர்மினலாகப் பாவிக்கலாம்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பழைய பெட்டியிலும் ஏதோ ஒரு இயங்குதளம் ஓடத்தானே வேண்டும், அதற்கும் பாதுகாப்புத் திருத்தம் வர வேண்டுமே, அதை யார் கவனிப்பது? அந்த மெஷினில் உள்ள விண்டோஸ் ப்ரோ லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு விண்டோஸ் 11 ஓடும் மெய்நிகர் டெஸ்க்டொப்புக்குள் போக உரிமை இல்லை என்பதையும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

அப்புறம் பிரிண்டர், எழுத்துரு. இந்த இரண்டையும் டெமோவில் காட்டச் சொல்லுங்கள், விற்பவரின் முகம் மாறும். நான் வேலை செய்யும் இடத்தில் இன்வொய்ஸ் இன்னமும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், கார்பன் பிரதியோடு அடிக்கிறோம். டெஸ்க்டொப் ஓடுவது சேர்வரில், பிரிண்டர் இருப்பது மேசையில். இடையில் இணைப்பு ஒரு தடவை அறுந்தால் திரும்பி வரும்போது பிரிண்டர் காணாமல் போய்விடும், வாஃப் கிளார்க் துறைமுகத்துக்குப் போக வேண்டிய கடதாசிக்காகப் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பார். கணக்குப் பகுதி அக்கா தமிழை யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடிப்பவர், பக்கத்து மேசையில் சிங்களம் விஜேசேகர விசைப்பலகையில். ஒவ்வொரு லொக் அவுட்டிலும் புதுசாகத் துடைத்துவிடும் டெஸ்க்டொப்பைக் கொடுத்து, பேர்சனல் செட்டிங்கைத் தனியாகச் சேமிக்கும் ஏற்பாட்டையும் ஒழுங்காகச் செய்யாமல் விட்டதால், அக்காவுக்குப் போட்டுக் கொடுத்த எழுத்துரு அடுத்த நாள் இல்லை. பழைய கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. "தம்பி, நேற்றுப் போட்டுத் தந்தனீங்கள், இண்டைக்கும் காணேல்லை" என்று ஒவ்வொரு காலையும் அவர் என்னிடம்தான் வந்து நிற்கிறார், விற்றவரிடம் இல்லை. எல்லோருடைய டெஸ்க்டொப்பும் பிரதி எடுக்கப்படும் மூல இமேஜில் அந்த எழுத்துருவை முதலிலேயே போட எவ்வளவு நேரம் ஆகும்? யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மேசையில் கரண்ட் போனாலும், சேர்வருக்கு மின்சாரம் இருக்கும் வரை அதில் உள்ள வேலை அழியாமல் நிற்கும் என்பது உண்மை, அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் சுவிட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி எல்லாவற்றுக்கும் யூபிஎஸ் வேண்டும், இல்லையென்றால் பற்றரி உள்ள லெப்டொப்காரரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். 2022-இல் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதைக் கோட்டேஷனில் ஒரு வரியாகக்கூட எழுதாமல் வருவது எவ்வளவு பொறுப்பில்லாத வேலை!

டொலரும் அப்படித்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்றது மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. டொலரில் மாதக்கட்டணம் கட்டும் ஒப்பந்தத்தை இன்றைய விலையை மட்டும் வைத்து மூன்று வருடத்துக்குப் பெருக்கிக் காட்டுகிறார்கள். சொந்தச் சேர்வர் என்றால் தப்பிவிடலாம் என்றும் இல்லை. சேர்வரில் மெய்நிகர் மெஷின்களை ஓட்டும் மென்பொருளைச் செய்யும் விஎம்வெயாரை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கியது, அடுத்த மாதமே ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது, எல்லாம் சந்தா. விஎம்வெயாரின் மெய்நிகர் டெஸ்க்டொப் மென்பொருளான ஹொரைசன் 2024-இல் ஒம்னிசா என்ற தனிக் கொம்பனிக்குப் போனது. எனக்குக் காட்டிய சிலைட்டில் அது இன்னமும் பழைய பெயரில்தான் கிடந்தது. தான் விற்கும் பொருள் யாருடையது என்று தெரியாதவரிடம் அடுத்த வருட விலையைக் கேட்டு என்ன பயன்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். சென்னையிலும் அசூர் மையம் இருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. எது நம் லைனுக்குச் சரி என்பதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நம் கந்தோரில் இருந்து வேலை நேரத்தில் அளந்துதான் சொல்ல வேண்டும். மாதக்கடைசியில், கணக்கு மூடும் நாட்களில், அதிகம் முறைப்பாடு சொல்லும் ஆட்களிடம் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில் முழு டெஸ்க்டொப்பே தேவையில்லை, கணக்கு மென்பொருளை மட்டும் சேர்வரில் இருந்து ஜன்னலாகத் திறக்க விட்டாலே போதும். அது மலிவு என்பதால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இதில் எனக்குத் தாங்கவே முடியாதது, தீர்மானித்தவர்கள் யாரும் அதைப் பாவிப்பதில்லை என்பது. ஆட்கள் எல்லோருக்கும் மெய்நிகர் டெஸ்க்டொப், இயக்குநர்களுக்கு மட்டும் புது லெப்டொப். அடுத்த தடவை கையெழுத்துப் போட முதல் அவர்களின் மெஷினையும் கழற்றிவிட்டு, ஆட்களுக்குக் கொடுத்த அதே மெய்நிகர் டெஸ்க்டொப்பில் ஒரு மாதம் வேலை செய்யச் சொல்லுங்கள்.