ஒரு சாவிக்கு இவ்வளவு பாடா?

சாவி தொலைஞ்சா இன்னொண்ணு வெட்டிக்கலாம்னு இருந்த காலம் எங்கே போச்சு? கார் சாவிக்காக நாலு நாளா அலையறேன். புதுசு வெட்டியாச்சு. கதவு திறக்குது, சாவி திரும்புது, இன்ஜின் ஒரு நொடி உறுமிட்டு அடங்கிடுது. டாஷ்போர்டுல சிவப்பா ஒரு சாவிப் படம் விட்டுவிட்டு மின்னுது. சாவிக்குள்ளே இருக்கிற துக்கடா சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தணுமாம்! அதுக்கு வண்டியோட ரகசிய எண்ணான பின் (PIN) கோடு வேணுமாம், வண்டியோட கம்ப்யூட்டர்கூடப் பேசற ஓபிடி (OBD) போர்ட்டுல மாட்டக் கருவி வேணுமாம், மிச்சமிருக்கிற பழைய சாவியையும் கையோட கொண்டுவரணுமாம். இல்லேன்னா புதுசை ஏத்தும்போது பழசு அழிஞ்சிடலாமாம். நான் காசு கொடுத்து வாங்கின வண்டி, அதோட கோடு எனக்கு ஏன் தெரியக்கூடாது?

யாரோ பயன்படுத்தின ரிமோட்டை வாங்கலாம்னா, பல மாடல்கள்ல அது முதல் வண்டியோடயே பூட்டிக்கிடக்கு. பட்டன் படுத்தா 3 வோல்ட் பேட்டரியை நானே மாத்திப்பேன். இந்தச் சிப்புக்கோ பேட்டரியே கிடையாது. சாவித்துளையைச் சுத்தியிருக்கிற கம்பிச்சுருள்தான் அதுக்கு உயிர் கொடுக்குது. அதுல நான் எங்கே கை வைக்கிறது? திருடனைத் தடுக்கத்தான் இதெல்லாம், புரியுது. வண்டிக்காரனையே ஏன் தெருவுல நிறுத்தணும்?